பொன்னுமணி தேடிய பிறந்த வீடு

பொன்னுமணிக்குத் தன் தகப்பனின் முகம் நினைவில் இல்லை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் நிழல் மரத்தின் கிளை வெட்டும்போது விழுந்து அவர் இறந்தார். அப்போது அவள் கைக்குழந்தை. அவரைப் பற்றி அம்மா பாண்டியம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "உங்கய்யா பேரு தங்கபாண்டி. ஊரு பொட்டிபுரம். என்னயக் கட்டுனதால அந்த வாசல் நமக்கு அடைச்சுப்போச்சு."

அம்மா போய்ச் சேர்ந்தாள். பின்னால் பொன்னுமணியின் கணவனும் இறந்தான். பிள்ளை இல்லை. போடியில் ஒற்றை அறை வாடகை வீடு, ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை. மற்ற பெண்கள் காதுகுத்து, கல்யாணம் என்று பேசிக்கொண்டே காய் பொறுக்குவார்கள். "ஊருக்குப் போகலையா?" என்று அவளை யாரும் கேட்பதில்லை. லீவு நாளில் டிவியை ஓடவிட்டு, மனிதக் குரல் கேட்டால் போதுமென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அய்யா வழியில் சொந்தம் யாராவது இருக்கிறார்களா என்று தேடி, ஒரு நாள் தாலுகா அலுவலகத்துக்குப் போனாள்.

"அந்தக் காலத்து ஜனத்தொகைக் கணக்குல எங்கய்யா பேரு இருக்குமா சார்?"

"அதுல தலையத்தாம்மா எண்ணுவாக, பேரு வெளிய தர மாட்டாக. நெலம் ஏதும் இருந்துச்சா? நெலத்துலதான் பேரு நிக்கும்" என்றார் எழுத்தர்.

பொட்டிபுரம் நிலக் கணக்கில் தங்கபாண்டி இல்லை. ஆனால் அமாவாசை என்பவருக்கு அப்படி ஒரு மகன் இருந்ததாகக் கிராமத்தில் சொன்னார்கள். பத்திர எழுத்தர் முத்துக்கிருஷ்ணன் தேடிப் பார்த்து, அமாவாசை எழுதிவைத்த உயிலின் நகலை வாங்கித் தந்தார். அவரே வாசித்தும் காட்டினார்: "கிணற்றுக்காட்டில் பாதி, மலைக்குப் போன என் மூத்த மகன் தங்கபாண்டிக்கும் அவன் வாரிசுகளுக்கும்."

திரும்ப வாசிக்கச் சொன்னாள். "வாசல் அடைக்கலையே. எங்காத்தா தெரியாமலே போயிட்டாளே" என்று அழுதாள்.

பொட்டிபுரத்தில் அந்தக் கிணற்றுக்காட்டு நிலத்தை இப்போது வைத்திருப்பவன் பிரபு, அமாவாசையின் இளைய மகனுக்கு மகன். அவளுக்குத் தம்பி முறை. அவள் கொண்டுபோன உயிலைப் படித்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மனைவி மகாராணி காபி கொடுத்தாள்.

"இப்ப என்ன செய்யணுங்கிறீக?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. பாத்துட்டுப் போவம்னு வந்தேன்."

அவன் நம்பவில்லை. சில நாள் கழித்து அவளைத் தேடிக் கடைக்கே வந்தான். தன்னைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்றதும் பொன்னுமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துருங்கக்கா. பின்னாடி வம்பு வேணாம்."

முதல் தடவையாக அக்கா என்றான். அவள் சரியென்றாள்.

"நல்லா யோசிச்சியா ஆத்தா? பாதி உனக்கு வரும்" என்றார் முத்துக்கிருஷ்ணன், பத்திர ஆபீஸ் வாசலில்.

அவள் பிரபுவைப் பார்த்தாள். "எம் புருசன் செத்தப்ப பொறந்த வீட்டுக் கோடிச்சேலை போட எனக்கு நாதியில்ல. பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்துப் போட்டா. நான் சாகுற அன்னைக்கு நீ ஒரு கோடிச்சேலை கொண்டா தம்பி. நெலத்த நீயே வச்சுக்க."

"கொண்டாறேன்க்கா" என்றான் பிரபு.

கையெழுத்து ஆனது. பிறகு ஒரே தடவை போன் செய்தான், பட்டா மாற்ற ஆதார் நகல் கேட்டு.

பொட்டிபுரம் கோயில் கும்பிடு திருவிழாவுக்கு அழைப்பு வரும் என்று லீவு சொல்லி வைத்திருந்தாள். வரவில்லை. புதுச்சேலை கட்டிக்கொண்டு தானாகவே பஸ் ஏறினாள். வாசலில் அவளைக் கண்ட மகாராணி ஒரு கணம் திகைத்து, "வாங்க மதினி, சாப்பிட உக்காருங்க" என்று பந்தியில் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பக்கத்து இலைக்காரி கேட்டாள்: "நீங்க எந்த ஊரு?"

"இந்த ஊருதான்" என்றாள் பொன்னுமணி.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, குழம்பு ஊற்றுகிறவனைக் கூப்பிடத் திரும்பினாள்.