அக்காவின் தனி டம்ளர்

அக்காவுக்குச் சொரியாசிஸ் வந்தபோது எனக்குப் பொறாமை வந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் செதில் செதிலாக உரிய, ரத்தம் வரும்வரை சொறிந்துகொண்டு கிடப்பாள். அது என் கண்ணில் படவே இல்லை. பட்டதெல்லாம் அதனால் அவளுக்குக் கிடைத்தவைதான்.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் காலத்தில் விக்கிரவாண்டிப் பக்கம் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் விடுதலை கிடையாது. செடியைக் குவித்துப் போட்டு உட்கார்ந்து காய் ஆயவேண்டும். மண் பட்டால் அரிக்கும் என்று அக்காவுக்கு மட்டும் விலக்கு. அவள் நிழலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். நான் நகக்கண்ணெல்லாம் மண்ணாக ஆய்ந்துகொண்டிருப்பேன். அதோடு விட்டதா? மாதா மாதம் அம்மா அவளைப் பஸ்ஸில் திண்டிவனத்துத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போவாள். திரும்பி வரும்போது அவள் வாயில் பாதாம்பால் வாசனை வரும். கேட்டால், "ஊசி போட்டாங்கடி, அதான்" என்பாள். ஊசிக்குப் பாதாம்பால் என்றால் எத்தனை ஊசிக்கும் நான் தயாராக இருந்தேன்.

எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல், அத்தை செய்த ஏற்பாடு. அப்பாவின் அக்காவான அவர் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். அக்காவுக்குத் தனி டம்ளர், தனித் துண்டு, அதைக் காயப்போட மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனிக் கொடி. நானோ அவள் போட்டுக் கழித்த பாவாடையிலேயே வளர்ந்தவள். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு ஸ்பூன்கூட அந்த வீட்டில் கிடையாது.

"ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாருங்க அண்ணி. ஒடம்பே தன்னை எதிரின்னு நெனச்சிக்கினு சண்டை போடுதாம்" என்றாள் அம்மா.

"டாக்டரா வந்து நம்ம வூட்ல குடும்பம் பண்ணப்போறாரு? சின்னதுக்கும் ஒட்டிக்கினா பேஜாரா பூடும்" என்றார் அத்தை.

அங்கேதான் எனக்கு வழி பிறந்தது. டாக்டரை நம்பினால் எனக்கு ஒன்றும் வராது. அத்தையை நம்பினால் திண்டிவனம் போகலாம். நான் அத்தையை நம்பினேன்.

மறுநாள் எல்லோரும் நிலத்துக்குப் போயிருந்தபோது கொடியிலிருந்து அந்தத் துண்டை உருவி முகம், கை, கால் என்று அழுந்தத் துடைத்தேன். எங்கள் வீட்டில் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்போம். அன்றைக்கு அவள் டம்ளரில் வாய் வைத்து, விளிம்பில் ஓர் இடம் விடாமல் சப்பிக் குடித்தேன். திரும்பினால் அக்கா நிற்கிறாள். செத்தோம் என்று நினைத்தேன்.

"உனக்கு அருவருப்பா இல்லியாடி?"

"இல்லியே. நல்லாத்தான கீது."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். துண்டை அழுக்காக்கிவிட்டேன் என்று அழுகிறாள் போலிருக்கிறது. ஆனாலும் அவள் கை என் கழுத்தில் நன்றாகப் படட்டும் என்று அசையாமல் நின்றேன். இது போதும், நாளைக்கே வந்துவிடும்.

வரவில்லை. தினமும் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏமாந்ததுதான் மிச்சம். ஆனால் அடுத்த மாதம், தங்கச்சியும் வந்தால்தான் வருவேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள்.

மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரத்தை எனக்கே கொடுத்தாள். அம்மாவுக்கு முன் சீட்டில் இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டில் பெருங்கூட்டம் ஏறியது. பூக்கூடையோடு ஒரு அம்மா வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவின் கையைப் பார்த்தார். எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அத்தனை நெரிசலிலும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. அக்கா துப்பட்டாவை இழுத்துக் கையை மூடிக்கொண்டு என் பக்கமாக ஒண்டினாள்.

மூன்று பேர் இடத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் அவள் மடியில் காலை நீட்டிக்கொண்டேன். இவள் மாதா மாதம் இப்படித்தான் மகாராணிபோலப் போய் வந்திருக்கிறாள் என்று திண்டிவனம் வரும்வரை எனக்கு வயிறு எரிந்தது.