தௌபிக்கின் லேப்டாப்புக்குத் தைத்த சட்டை

ஊரே பனியன் தைக்கும் அருள்புரத்தில் சட்டையில்லாமல் நிற்பது மின்கம்பம் மட்டும்தான். அதனால் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் தௌபிக் தன் லேப்டாப்புக்கும் ஒன்று தைத்துப் போட்டதில் யாரும் குற்றம் காணவில்லை.

கட்டிங் டேபிளை ஒட்டி அவன் மேசை. பறக்கும் பஞ்செல்லாம் லேப்டாப் ஃபேனில் குடியேறியது. ஒரு எக்செல் ஷீட் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். வீரபாண்டி சர்வீஸ் கடையில் பிரிசில்லா அதைப் பிரித்து, மெத்தையாகப் படிந்திருந்த பஞ்சை வழித்துப் போட்டாள்.

"சூடு பேட்டரியக் கொன்னுரும்ணா. காத்து போற வழிய அடைக்காதீங்க. நாள் பூரா சார்ஜர்ல மாட்டி வெக்காதீங்க. பஞ்சு உள்ள போகாமப் பாத்துக்கங்க."

தௌபிக் மனதில் கடைசி வரி மட்டும் தங்கியது. டெய்லர் பாண்டியம்மாள் ரிஜெக்ட் ஆன, கம்பளி மாதிரி தடித்த துணியில், கீபோர்டும் ஸ்கிரீனும் மட்டும் தெரியும்படி, எலாஸ்டிக் வைத்து இறுக்கமாக ஒரு உறை தைத்துக் கொடுத்தாள்.

"தூசி போவாதுல்லா தம்பி?"

"காத்தே போகாதுக்கா!" என்றான் பெருமையாக.

சார்ஜரையும் கழற்றவில்லை. லேப்டாப் கொதித்தது. பேட்டரி உப்பி அடிப்பக்கம் புடைத்ததில் லேப்டாப் மேசைமேல் ஆடியது. மேசைதான் கோணல் என்று அதன் கால்களுக்கு அட்டை மடித்து வைத்தான்.

முதலாளி அலாவுதீன் மாதக்கணக்கில் துரத்திப் பிடித்த, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு நாள் வீடியோ காலில் வந்தார்.

"இந்த ஆர்டர் வந்தாத்தான் உனக்கு இந்த சீட்டு. இல்லீன்னா செக்கிங் டேபிள்தான், பாத்துக்க கண்ணு," என்று முன்பே சொல்லியிருந்தார் முதலாளி.

பையர் அளவு அட்டவணையைக் காட்டச் சொன்னார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனது. லேப்டாப்பும் கூடவே போனது.

"நூறு பர்சன்ட்டுன்னு காட்டுச்சுங்க மொதலாளி!"

"உனக்குக் காட்டி என்னப்பா? அந்தாளுக்கு அட்டவணையைக் காட்டுச்சா?"

ஜெனரேட்டர் ஓடி, லேப்டாப் உயிர்பெற்று, அட்டவணை திறந்தபோது முதலாளியின் போனுக்கு பையரின் மெயில் வந்திருந்தது. வேறு நாட்டுக் கம்பெனி ஒன்று உடனே காட்டி ஆர்டரை வாங்கிவிட்டதாம். மிக மரியாதையான மெயில். முதலாளி செக்கிங் டேபிள் பக்கம் கையைக் காட்டினார்.

மறுநாள் காலை செக்கிங்குக்குப் போனான். ஓட்டை விழுந்த பனியன்களைப் பொறுக்கும் இடம். உட்கார எதையாவது தேடினான்.

"இங்கெல்லாம் நிக்கோணுமுங்க," என்றாள் பக்கத்தில் நின்ற மாரக்காள், தலை நிமிராமல்.