வராத படத்தின் பாட்டு

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறோம். பாட்டு எழுதி மெட்டுப் போடுவது நான். தஞ்சாவூர், திருச்சி, எப்போதாவது சென்னை என்று கல்லூரி விழாக்களிலும் சின்ன அரங்குகளிலும் வாசிக்கிறோம். நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து, யாருடைய இசையைக் கேட்டு வளர்ந்தீர்கள் என்று விசாரிப்பார். கேட்டவர் முகத்துக்குத் தகுந்தாற்போல் சில பெரிய பெயர்களைச் சொல்லி வைப்பேன். பொய்யில்லை. ஆனால் அந்தப் பெரியவர்களையெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் கேட்டேன். அதற்கு முன்னால் நான் கேட்டு வளர்ந்தது என் மாமாவின் டிரம்பெட்டை. அதிலும் குறிப்பாக ஒரு மெட்டை. அந்த மெட்டின் கதையை மேடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது, நீளம்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வயலில் வேலை இருந்தால் வயலுக்குப் போவார், இல்லாவிட்டால் பேண்டு செட்டுக்கு. கல்யாணம், மாதா கோவில் திருவிழா, சாவு எதுவானாலும் அதே ஆட்கள்தான், அதே சிவப்புக் கோட்டுதான். பாட்டு மட்டும் மாறும். சில சமயம் பாட்டுகூட மாறாது, வேகத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் சனி ஞாயிறுகளில் என்னை யாரும் வேலைக்கு இழுப்பதில்லை. நானாகத்தான் மாமாவோடு வயலுக்குப் போவேன். அவர் முதுகில் மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு நடவு வயலில் பூச்சிமருந்து அடிப்பார். இடது கையால் பம்புப் பிடியை மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வலது கையில் குழாய். டக்கு டக்கு என்று அந்தப் பிடியின் சத்தம் ஒரே சீராக வரும். அந்தச் சத்தத்தின் மேல்தான் மாமா ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். வயலின் கடைசிக்கு வந்து வரப்படியில் திரும்பும்போது கை நின்றுவிடும். கையோடு மெட்டும் நின்றுவிடும். திரும்பி முதல் அடி வைத்ததும் இரண்டும் சேர்ந்து கிளம்பும். மறந்துவிட்டு நிற்கிறார் என்று முதலில் நினைத்தேன். நான்கைந்து வரப்பு பார்த்த பிறகுதான் அந்த நிறுத்தமும் மெட்டில் சேர்த்தி என்று புரிந்தது.

கொல்லைப்புறத்தில் அதை டிரம்பெட்டில் எடுத்து வாசித்துப் பார்த்தபோது கேட்டவர்கள் அம்மாவும் நானும்தான். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே, "யாரு பாட்டுடா இது?" என்றார்.

"நம்மளதுதான்."

"நம்மளதுன்னா?"

"நம்மளதுன்னா நம்மளதுதான்க்கா. நான் போட்டது."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

பேண்டு செட்டுக்கு ஒரு மாஸ்டர் உண்டு. என்ன பாட்டு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஜனங்கள் தெரிந்த பாட்டுக்குத்தான் ஆடுவார்கள், தெரியாத பாட்டை வாசித்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்பது அவர் கட்சி. அதில் தப்பும் சொல்ல முடியாது. சொந்த மெட்டு என்று சொன்னால் அவர் காதிலேயே வாங்க மாட்டார் என்று மாமாவுக்குத் தெரியும். ஆனால் அந்த மெட்டை ஒரு தடவையாவது தெருவில் இறக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அதனால் மாஸ்டரிடம் போய், இது ஒரு புதுப் படத்துப் பாட்டு என்று சொல்லிவிட்டார். மெட்ராஸில் ரிக்கார்டிங் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் போனில் பாடிக் காட்டினானாம். படம் இன்னும் வரவில்லையாம். பேரே வைக்கவில்லையாம்.

"படம் வர்றதுக்கு முன்னாடியே நம்ம வாசிச்சா நமக்குத்தானே பேரு, மாஸ்டர்?"

மாஸ்டருக்கு இது பிடித்துப்போயிற்று.

முதன்முதலில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் வாசித்தார்கள். பெரிய டிரம் அடிப்பவர்தான் பாவம், திணறினார். "நடுவுல ஒரு பள்ளம் இருக்குய்யா, நான் நேரா உள்ள விழுந்துடுறேன்" என்று ஒத்திகையின்போதே சலித்துக்கொண்டவர் அவர். ஆனால் ஆடிய பையன்களுக்கு அந்தப் பள்ளம்தான் பிடித்தது. மெட்டு நிற்கும் இடத்தில் தூக்கிய கை தூக்கியபடி, மடக்கிய கால் மடக்கியபடி எல்லாரும் சிலையாக நிற்பார்கள். திரும்பத் தொடங்கும்போது ஓவென்று கத்திக்கொண்டு குதிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தெருமுனையிலிருந்து கோவில் வாசல் போவதற்குள் தானாகவே கூடி வந்துவிட்டது. சிலையாக நின்றதில் மாப்பிள்ளையின் பாட்டனாரும் ஒருவர். மாமா வருஷக்கணக்கில் நின்று திரும்பிய வரப்புதான் அது என்று அங்கே எவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு பேண்டு செட்டைக் கூப்பிட வருகிறவர்கள் எல்லாம், "அந்தப் புதுப் படத்துப் பாட்டு உண்டுல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். டீக்கடையில் அந்தப் படத்தில் யார் கதாநாயகன் என்று சண்டை வந்தது. இரண்டு நடிகர்களின் ரசிகர்களும் எங்கள் ஆளுடைய பாட்டுத்தான் என்று அடித்துச் சொன்னார்கள். ஒருவன் பாட்டின் ஒரு துண்டை டி.வி.யில் பார்த்ததாகவே சொன்னான். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொடுக்கும் செல்போன் கடைக்காரர், வாடிக்கையை விட மனமில்லாமல், அடுத்த வாரம் வந்துவிடும் என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

என்னால்தான் அப்படி இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று, அது படத்துப் பாட்டு இல்லை, எங்கள் மாமா போட்டது என்று சொன்னேன். அன்றிலிருந்து பையன்கள், "மியூசிக் டைரக்டர் மருமகனே, மருந்து டேங்க்கை எங்கடா வச்ச?" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அளக்காதே, உட்கார் என்றார் வாத்தியார்.

அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா மாமாவைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏன்டா, புள்ளைய எல்லாரும் பொய்யன்ங்கிறானுங்க. உன் பேரைச் சொன்னா என்ன கொறைஞ்சு போயிடும்?"

"நம்ம பேரைச் சொன்னா எவன்க்கா கேப்பான்?"

"ஏன் கேக்க மாட்டான்? இப்ப கேக்குறான்ல?"

மாமா என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

தாராசுரம் பக்கத்தில் அப்பாவின் அக்கா மகளுக்குக் கல்யாணம். எங்கள் மாமாவின் பேண்டு செட்டுத்தான். கோவிலில் பூசை முடிந்து பொண்ணு மாப்பிள்ளையைப் பந்தலுக்கு அழைத்து வரும்போது அந்த மெட்டை வாசித்தார்கள். பந்தல் வாசலில் ஒரு தடவை போதாமல் மாப்பிள்ளையின் சித்தப்பா, "அதே பாட்டு, அதே பாட்டு" என்று இன்னொரு தடவை வாசிக்க வைத்தார். பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் சிலையாக நின்றார். நல்ல ஆட்டம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வாழ்த்திப் பேசுவதற்காக வைத்திருந்த மைக்கில் யார் யாரோ பேசினார்கள். அப்போது அம்மா எழுந்து போனார்.

அம்மா அதற்கு முன்னால் மைக்கைத் தொட்டதில்லை. பேர் எழுதத் தெரியாதவர். வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டதில் முதல் வார்த்தை இரைந்தது. "எல்லாருக்கும் வணக்கம். இப்ப ஆடுனீங்களே, அது சினிமா பாட்டு இல்லைங்க. படமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயல்ல மருந்து அடிக்கும்போது என் தம்பி போட்ட மெட்டு அது. அந்தா நிக்கிறான் பாருங்க, அவன்தான்."

கைதட்டுவார்கள் என்று நான் எழுந்து நின்றுகொண்டேன். இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். மற்றவர்கள் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். திருட்டு ரயிலேறிப் பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்ப இவ்ளோ நாளா சும்மாவா சொன்னே?" என்றார் ஒருவர்.

"படம் வருது படம் வருதுன்னு நாங்க பாட்டுக்குக் காத்துக்கிட்டு கெடந்தோம்" என்றார் இன்னொருவர்.

மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை. பெருந்தன்மையான ஆள். "சரி விடுங்கப்பா, கல்யாண வீடு. ஒரு நல்ல பாட்டா எடுத்து வாசிங்க" என்றார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே பாட்டு என்று கேட்டவர் அவர்தான்.

மாமா டிரம்பெட்டின் வாய்ப்பகுதியைக் கோட்டு ஓரத்தில் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய படப் பாட்டை வாசித்தார். சுத்தமாக வாசித்தார். மாஸ்டர் சாப்பாட்டுப் பந்தியில்தான் வாயைத் திறந்தார். "என்கிட்டயேவா?" என்று கேட்டார். பிறகு, "இனிமே அதை எடுக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

வேனில் திரும்பி வரும்போது அம்மா, "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஒண்ணும் இல்லக்கா. சாம்பார் நல்லா இருந்துச்சு" என்றார் மாமா.

மெட்டு அத்தோடு நின்றது. பள்ளிக்கூடத்தில் என் பேச்சு உண்மை என்று ஆகிவிட்டது, ஆனால் யாருக்கும் அதில் அக்கறை இல்லை. டீக்கடைக்கு வேறு படம் வந்துவிட்டது. வயலில் மருந்து அடிக்கும்போதும் மாமா வேறு எதையோதான் முணுமுணுத்தார்.

ஒரு வருஷம் போயிருக்கும். டிரம்பெட்டில் ஒரு பொத்தான் மாட்டிக்கொண்டது என்று கும்பகோணத்தில் கொடுத்து, சரிபண்ணி வாங்கிக்கொண்டு நானும் மாமாவும் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மத்தியானம், கூட்டமில்லை. டிரம்பெட் துணிப்பையில் மாமாவின் மடியில் இருந்தது. கண்டக்டர் இளவயசு ஆள், நாங்கள் முன்பின் பார்த்ததில்லை. டிக்கெட் கொடுத்து முடித்ததும் படிக்கட்டுப் பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டு எதையோ முணுமுணுத்தார். விரலால் கம்பியில் தட்டிக்கொண்டே முணுமுணுத்தார்.

டக்கு டக்கு.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிறுத்தத்தில் ஆள் இறங்கியது. சரியாக மெட்டின் பள்ளம் வந்தது, கண்டக்டர் விரலை நிறுத்தினார், அந்த இடைவெளியில் விசிலை எடுத்து ஊதினார், பஸ் நகர்ந்தது, மெட்டும் நகர்ந்தது. ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை. பெரிய டிரம் அடிப்பவரே அவ்வளவு சுத்தமாகத் தாண்டியதில்லை.

நான் எழுந்துவிட்டேன். "மாமா, நம்ம…" என்று ஆரம்பித்ததும் மாமா என் முழங்காலை அழுத்தி உட்கார வைத்தார். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. பிறகு கண்டக்டரைப் பார்த்து, "நல்லா இருக்கே தம்பி, என்ன படம்?" என்று கேட்டார்.

"படம் வரலைங்க அண்ணே. பொட்டிக்குள்ளயே கெடக்குதாம். பாட்டு மட்டும் எப்படியோ வெளிய வந்துடுச்சு."

"அப்படியா? பாவம்."

"எவன் போட்டானோ தெரியல, நடுவுல ஒரு எடம் வரும் பாருங்க…"

"எங்க, இன்னொரு தடவை பாடுங்க, கேப்போம்."

கண்டக்டருக்குக் கொஞ்சம் வெட்கம். ஆனாலும் பாடினார். நல்ல குரல். மாமா முதல் தடவை கேட்கிறவர்போல் தலையை ஆட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையைத் திறந்து வாசித்துக் காட்டினால் போதும், அந்த ஆள் நம்பியிருப்பார். இவ்வளவு பயந்த ஆளா நம் மாமா என்று நினைத்தேன். நான் பெரியவனாகிப் பாட்டுப் போட்டால் ஒவ்வொன்றிலும் என் பேர் இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அப்படித்தான் செய்துகொண்டும் இருக்கிறேன். எங்கள் பேண்டின் ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் என் பேர் இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் ஒன்றை முணுமுணுக்கும் கண்டக்டர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் மதகடி ஜன்னலில் வந்து போனது. "மாமா, ஸ்டாப்பிங் போயிடுச்சு" என்றேன்.

"போகட்டும்டா."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். மாமா கண்டக்டருக்குக் கை காட்டினார், பஸ் போயிற்று. வாய்க்கால் கரையோடு ஊரைப் பார்த்துத் திரும்பி நடந்தோம். நல்ல வெயில். மாமா துணிப்பையை மருந்து டேங்க்போல முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். வாய்க்கால் வளைகிற இடம் வந்ததும் ஒரு நொடி நின்றார், பிறகு நடந்தார். நான் கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே பின்னால் போனேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஒரு ஸ்டாப்பிங் தூரம் வீணாக நடக்கிறோம் என்பது மட்டும்தான்.