ஓட்டைப் பனியனும் உடைந்த சக்கரமும்

பெருமாநல்லூர் பேக்கரியில் டீ குடிக்கிறேன். எதிரே ஒரு பனியன் கம்பெனிக்காரர், சக்கரம் உடைந்த பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். சாம்பிளோடு ஜெர்மனி போய் வந்தவர். வழியில் தவறிய பெட்டியைத் திறந்து பார்த்த விமானக் கம்பெனி, பனியன்களெல்லாம் ஓட்டையானதற்கு மன்னிப்புக் கேட்டு, நஷ்டஈடும் தருவதாக எழுதியிருக்கிறது. போனில் காட்டுகிறார்.

“அதிர்ஷ்டம்தான்” என்கிறேன்.

“ஏனுங்க, ஓட்டை போட்டதே நான்தானுங்க. விக்க முடியாதபடி வெட்டுனாத்தான் கஸ்டம்ஸ்ல சாம்பிள்னு வரியில்லாம விடுவாங்க.”

“அப்போ சக்கரம்?”

“அதை ஒடச்சது அவங்க. அவங்க கெடு ஏழு நாளு, அதுக்குள்ள புகாரும் எழுதிக் குடுத்துட்டனுங்க. சாதாரணத் தேய்மானம், நாங்க பொறுப்பில்லைங்கறாங்க.”

பெட்டியைக் குழந்தைபோல இடுப்பில் தூக்கிக்கொள்கிறார்.

“சக்கரத்தையும் நானே கத்திரியில வெட்டியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்களோ என்னமோங்க.”