ஆர்வில் சுடவில்லை

ஆர்வில் ஜூலை மாதம் வைக்கோல் கட்டும்போது வயலிலேயே விழுந்து செத்தான். அக்டோபர் பிறந்தும் ஓலீட்டாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சர்ச் பெண்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் போட்டாள். எல்லா வேலையும் நடந்தது. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் தாடை மரத்துப்போகுமே, அப்படி இருந்தது உள்ளே.

அவளுக்குக் காரணம் தெரியும். சாவதற்கு ஏழு மாதம் முன்பே புருஷன் அவள் கண்ணில் இறங்கிப் போயிருந்தான்.

ஆர்வில் மர அறுவை ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். வாயைத் திறந்து பேச வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வருஷத்துக்கு ஒரு மான் அடிப்பான். அதற்கு அவனிடம் இருந்தது குழல் வாய்வழியாக வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. முதலில் மருந்து, அப்புறம் துணி சுற்றிய ஈய உருண்டை, கடைசியில் பின்பக்கத் துளைமேல், மருந்துக்குப் பொறி கொடுக்கும் சின்னக் கேப்பு. ஒரு தரம் சுட்டால் மறுபடி கெட்டிக்க ஒரு நிமிஷம் ஆகும். அதனால் எந்தக் குண்டு என்பது பெரிய பேச்சு. அந்தப் பேச்சுக்கென்றே பிறந்தவன் தம்பி லாய்டு. வேட்டை சீசனுக்குச் சீசன் ஒரு புதுக் குண்டு வாங்கி வந்து அண்ணன் தலையில் கட்டப் பார்ப்பான்.

போன டிசம்பரில் இருவரும் ஆற்றோரக் காட்டுக்குள் மானுக்குப் போனார்கள். புதரிலிருந்து ஒரு ஆண் காட்டுப்பன்றி கிளம்பி லாய்டின் தொடையைக் கிழித்துப் போட்டது. ஆர்வில் பதினைந்து அடி தூரத்தில், கையில் கெட்டித்த துப்பாக்கியோடு நின்றான். வெடிச் சத்தம் கேட்கவில்லை. கூட வந்த நாய் விரட்டித்தான் பன்றி ஓடியது. அரை மைல் தூரம் தம்பியை முதுகில் சுமந்து வந்தான் ஆர்வில். அதை யாரும் பேசவில்லை. "எங்கண்ணன் கட்டை மாதிரி நின்னான்" என்று லாய்டு தீவனக் கடையில் சொன்னதைத்தான் ஊர் பேசியது. ஆர்வில் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. துப்பாக்கியைப் பின்கதவுக்குப் பக்கத்தில் சாத்திவைத்தவன் பிறகு தொடவே இல்லை. ஓலீட்டாவும் ஊரைப் போலவேதான் நம்பினாள்.

இப்போது சீசன் திறக்க ஒரு வாரம் இருந்தது. பன்றிகள் அவள் மேய்ச்சல் நிலத்தைக் கிண்டிப் போட்டிருந்தன. லாய்டைக் கூப்பிட்டாள். அவன் தடியை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தான்.

"பன்றியைச் சுடு. துப்பாக்கியையும் எடுத்துக்கோ. அது இந்த வீட்ல இருக்க வேண்டாம்" என்றாள்.

லாய்டு அதைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், பழக்கப்படி முதலில் குண்டு கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தான். காலியாக இருந்தால் கம்பியில் ஆர்வில் கத்தியால் கீறிய கோடு குழல் வாயோடு சேர வேண்டும். கோடு கொஞ்சம் மேலே நின்றது.

"ஐயையோ, உள்ள குண்டு இருக்கு! பத்து மாசமா கெட்டிச்ச துப்பாக்கியைச் சுத்தித்தான் பெருக்கிக்கிட்டு இருந்தியா?"

"இருந்தேன். அதுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல தாயே. நீ உயிரோட இருக்கியே, அதுவே போதும்." மறுபடி அளந்தான். "கோடு இன்னும் மேல நிக்கணுமே. மருந்தைக் கஞ்சத்தனமாப் போட்டிருக்கான்."

துளைமேல் ஒட்டியிருந்த கேப்பைப் பெயர்த்துப் போட்டு, அந்தத் துளை வழியாக எண்ணெய் ஊற்றி மருந்தை நனைத்தான். துப்பாக்கியை மேஜையில் பொருத்தியிருந்த வைஸ் பிடியில் இறுக்கி, கம்பி முனையில் திருகாணி மாட்டி, குண்டுக்குள் முறுக்கி இழுத்தான். குண்டு வந்தது. பின்னாலேயே நனைந்த மருந்து கரிச்சேறாக வழிய வேண்டும். வந்தது வெறும் எண்ணெய். துணி சுற்றி உள்ளே விட்டு எடுத்தான். துணியில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

"மருந்தே போடல" என்றான் லாய்டு.

"மறந்துட்டானா? அவனா?"

லாய்டு கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்தான். கையிலிருந்தது ஆர்விலின் உருண்டை இல்லை. நீளமான, கனத்த ஈயம். லாய்டு வாங்கியது.

"நான்தான்" என்றான். "அன்னிக்குக் காலையில மருந்தை அளந்து கையில வச்சிருந்தான். நான் போய்க் கையைப் பிடிச்சேன். உருண்டை மானுக்குச் சரி, பன்றி வந்தா அதோட தோள் கெட்டியில நசுங்கிடும், இதைப் போடு, ரெண்டுக்கும் ஆகும்னேன். இதுக்கு மருந்து கூட வேணும்னும் நான்தான் சொன்னேன். அளந்ததைத் திரும்ப மருந்துக் கொம்புல கொட்டிட்டான், புதுசா அளக்க. அப்பவாவது நான் வாயை மூடியிருக்கணும். மூடல. பன்றி, தோள், கெட்டின்னு அவன் காதைத் தின்னேன். 'கொடுடா, ஆளை விடு'ன்னு குண்டை வாங்கி உள்ள தள்ளிட்டான். மருந்தை மறுபடி அளக்கவே இல்ல."

"அப்ப சுட்டிருக்கான்."

"சுட்டிருக்கான். இந்தக் கேப்பைப் பாரு, வெடிச்சுக் கிழிஞ்சிருக்கு. அது மட்டும்தான் வெடிச்சிருக்கு. நானும் பன்றியும் போட்ட சத்தத்துல அது எங்க கேட்கும்."

"மருந்து இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும், ஓலீட்டா."

"ஏன் சொல்லல?"

லாய்டு தன் காலைப் பார்த்தான். சொல்லியிருந்தால் இந்தக் காலுக்கு யார் பொறுப்பாகியிருப்பார்கள் என்பது இருவருக்குமே தெரிந்தது. அவன் முகம் கோணி, தோள் குலுங்க அழுதான். ஓலீட்டா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை.

"நாளைக்குக் காலையில தீவனக் கடைக்குப் போ. எல்லாரும் காப்பி குடிக்க உட்கார்ந்திருப்பாங்க. அவன் சுட்டான்னு சொல்லு. ஏன் வெடிக்கலைன்னும் சொல்லு."

"சொல்றேன்."

"இப்ப என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லணும்."

"சத்தியமாச் சொல்றேன்."

அவள் குண்டை வாங்கி எண்ணெயைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உன்னை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு அன்னிக்கு நானும் அவனும் வண்டியில வந்தோம். அவன் சட்டையெல்லாம் உன் ரத்தம். நான் அவனைக் கேட்டேன், நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னாலும் இப்படித்தான் நின்னு வேடிக்கை பார்ப்பியான்னு."

லாய்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அவன் என்ன சொன்னான்?"

"'மாட்டேன் ஓலீட்டா'ன்னான். நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். ஏழு மாசம் திரும்பியேதான் இருந்தேன்." குண்டை மேஜைமேல் வைத்தாள். "உனக்காவது ஒரு கடை இருக்கு. நான் எங்க போய்ச் சொல்றது, லாய்டு?"