மாதம்மா கெஸ்ட்டாகத் தங்கிய நாள்

"மேடம், பெட்டு மேலயே ஊத்துது. நீங்களே வந்து பாருங்க."

இன்டர்காமில் பேசியவர் சென்னையிலிருந்து மனைவியோடு வந்திருந்த விருந்தினர். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சித்தேரி மலைச்சரிவில் காலையிலிருந்தே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரிசார்ட்டின் மேனேஜர் நான்; குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மிகைப்படுத்தவில்லை. ஃபால்ஸ் சீலிங் தொப்பை போட்டுத் தொங்கியது. மெத்தை பாதி நனைந்துவிட்டது.

மலை ரிசார்ட்டில் கூரை ஒழுகுவது புதிதல்ல. மன்னிப்புக் கேட்டு, வேறு காட்டேஜுக்கு மாற்றி, இரவு உணவோடு ஒரு கேக் அனுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அன்றைக்கு அப்படி மாற்ற முடியவில்லை. சீசன் இல்லாததால் மற்ற காட்டேஜ்களில் தரைக்கு பாலிஷ் போட்டுக் காயவிட்டிருந்தோம். புழக்கத்தில் இருந்தது இன்னும் ஒன்றே ஒன்று. அதில் எங்கள் ஹவுஸ்கீப்பிங் மாதம்மா, தன் கணவர் கோவிந்தனோடு கெஸ்ட்டாகத் தங்கியிருந்தார்.

முதலாளியின் யோசனை

"கெஸ்ட்டுக்கு எப்படி இருக்கும்னு தெரியாம எப்படி சர்வீஸ் பண்ணுவாங்க? மழைக்காலத்துல ரூம் சும்மாதான கிடக்குது. ஸ்டாஃப் ஒவ்வொருத்தரா ஃபேமிலியோட ஒரு நாள் தங்கட்டும்" என்று முதலாளிதான் ஆரம்பித்துவைத்தார்.

மாதம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "நமக்கு எதுக்குங்க மேடம் இதெல்லாம்?" என்றார். நான் விடவில்லை. எனக்கு உள்ளூர ஒரு காரணம் இருந்தது. பொங்கலோடு வேலையை விட்டுவிடப்போவதாக மாதம்மா சொல்லியிருந்தார். கோவிந்தனுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. தினமும் மனைவியை மொபெட்டில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். "ஊரான் கக்கூசு கழுவறதுக்கு நீ மலையேறிப் போவணுமா?" என்று வீட்டில் ஒரே பேச்சாம். கீழே சொந்தமாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட காடு இருக்கும்போது இது எதற்கு என்பது அவர் கட்சி. மாதம்மா போல் ஓர் ஆள் எனக்கு மறுபடி கிடைக்கமாட்டார். உள்ளே வந்து பார்த்தால் அந்த மனிதர் மனம் மாறுமோ என்று ஓர் ஆசை.

அன்று காலை அவர்களை வாசலிலேயே நின்று வரவேற்றேன். நன்னாரி சர்பத் கொடுத்தேன். பையை ரூம்பாய் தூக்கிக்கொண்டு போனான். மாதம்மாவிடம் வேலை கற்ற ரூபா, டவலை அன்னப்பறவை மாதிரி மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தாள். அதைக் கலைக்க மனம் வராமல் கோவிந்தன் தன் தோள் துண்டிலேயே துவட்டிக்கொண்டாராம். கிச்சனில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு சிட்-அவுட் நாற்காலியில் உட்கார்ந்தவர், மழைக்குள் கீழே பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் தெரிவதும் மறைவதுமாக இருந்ததைப் பார்த்தபடி எழுந்திருக்கவே இல்லை.

யோகா ஹால்

"எதிர்ல லைட் எரியுதே, அங்க யாரு?" என்று ஒழுகும் காட்டேஜின் வாசலில் நின்று கேட்டார் சென்னைக்காரர்.

"எங்க ஸ்டாஃப் ஃபேமிலி சார்."

"ஸ்டாஃபா? அப்ப என்ன யோசனை? அவங்கள வேற எங்கயாவது போகச் சொல்லுங்க."

முதலாளிக்கு போன் போட்டேன். அவரும் அதையே சொன்னார். "மாதம்மா நம்ம ஆளு, தப்பா எடுத்துக்காது. குவார்ட்டர்ஸ்ல படுக்கச் சொல்லும்மா. இன்னொரு நாள் தங்கிக்கட்டும்."

ஒரு நிமிடம் எனக்கும் அதுவே சுலபமாகத் தெரிந்தது. அந்தக் காட்டேஜுக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே மாதம்மா பையோடு வெளியே வந்துவிட்டார். எங்கள் ஓட்டத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார்.

"நாங்க கெளம்பறோங்க மேடம். பெட்ஷீட்ட மட்டும் மாத்திட்டா ரூம் ரெடிங்க."

பின்னால் கோவிந்தன் காபிக் கப்பைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்தவர் முகம் போல இருந்தது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எங்கேயும் போவாதீங்க. உங்களுக்கு நாளைக்குக் காலையிலதான் செக்-அவுட்" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தே முதலாளியை மறுபடி கூப்பிட்டேன்.

"சார், ஒரு கெஸ்ட்டுக்காக இன்னொரு கெஸ்ட்ட காலி பண்ணச் சொல்ல என்னால முடியாதுங்க."

"அப்ப அவரை எங்க படுக்க வைப்பே?"

"யோகா ஹால்லங்க."

"சமாளிச்சுக்கோ. கம்ப்ளெய்ன்ட் வந்தா நீதான் பதில் சொல்லணும்."

யோகா ஹாலுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ரூம்பாய்கள் ஸ்டோரிலிருந்து புது மெத்தையை பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றித் தூக்கிவந்தார்கள். வழுக்கும் படியில் அவர்கள் திணறுவதைப் பார்த்த கோவிந்தன், மழையில் இறங்கிவந்து ஒரு முனையைப் பிடித்தார்.

"விடுங்க, நீங்க கெஸ்ட்டு" என்றேன்.

"கெஸ்ட்டுன்னா கை இல்லீங்களா?" என்று தூக்கிக்கொண்டு போனார்.

கூடவே மாதம்மாவும் வந்துவிட்டார். ஷீட்டின் மூலையைப் பையன்கள் சரியாக மடிக்கமாட்டார்களாம். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஷீட்டை ஒரே வீச்சில் விரித்து, நான்கு மூலையையும் இழுத்துச் செருகி, தலையணைகளைத் தட்டி நிறுத்தினார். கோவிந்தன் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இந்த வேலை செய்வதை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"தெனமும் இப்பிடியா?" என்றார்.

"எத்தனை ரூம் இருக்குதோ அத்தனையும்" என்றார் மாதம்மா.

சென்னைக்காரர் சமாதானமாகவில்லை. அவர் மனைவிக்கு ஹால் பிடித்திருந்தது. கண்ணாடி ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். ஆனால் கணவர் மறுநாள் காலை டிபன்கூடச் சாப்பிடாமல் கிளம்பினார். ஊருக்குப் போய் ஒரே ஒரு ஸ்டார் போட்டு நீளமாக ரிவ்யூ எழுதினார். முதலாளி அதை எனக்கு அனுப்பினார், ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

சென்னைக்காரர் கிளம்பிய அதே காலையில் கோவிந்தன் ஃப்ரண்ட் ஆபீசுக்கு வந்து, சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் கேட்டேன்.

"தங்கினது எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. எங்க ரூம்ல பெட்டு யாருங்க போட்டது?"

"ரூபாங்க."

"கொறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. எங்க வூட்டுக்காரி இதைவிட நல்லாப் போடுவா."

மாதம்மா வெளியே மொபெட்டைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொங்கல் முடிந்த மறுநாளும் மாதம்மா டியூட்டிக்கு வந்தார். கோவிந்தன் கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பவில்லை. உள்ளே வந்து, எனக்கு ஒரு கரும்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஒருவரை கெஸ்ட் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டால், அவர் அதைத் திருப்பித் தரும்வரை அந்த அறை அவருடையது. அவர் யார், எவ்வளவு பணம் கொடுத்தார் என்று நடுவில் பார்க்க ஆரம்பித்தால், மற்றவர்களிடம் நாம் காட்டும் மரியாதையும் பொய்யாகிவிடும்.