நான் வேண்டாமென்ற பாலர் பாடசாலை

அன்பான ஈமானிய நெஞ்சங்களே,

1981ஆம் வருடம் ஜனவரி மாதம். மாரி மழை விடவேயில்லை. கல்முனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் அடுப்படியில் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். எங்கள் மகள் நிஹாரா, மூன்றரை வயது, வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பெற்ற வாப்பாவை மதிக்காத பிள்ளை என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பத்து வயதில் பிறருடைய சைக்கிளுக்குக் காற்றடித்தேன். நாற்பது வயதில் கல்முனைக் கடைத்தெருவில் என் பெயர்ப் பலகையைத் தூக்கி மாட்டினேன். யாரும் எனக்கு ஒரு நட்டுக்கூட வாங்கித் தந்ததில்லை. ஒரு சைக்கிள் தூரத்தில் வரும்போதே எந்தச் சில்லில் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வேன். படித்த எஞ்சினியர்மார்கூட நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இந்த விசயத்தில் என்னை வெல்ல இந்தக் கரையில் ஆள் இல்லை. இது பெருமைக்கு அல்ல, உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண் தன் உம்மாவின் வீட்டை விட்டுப் போவதில்லை. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் பதின்மூன்று வருடம் அட்டாளைச்சேனையில் மாமியின் வீட்டில் இருந்தேன். பதினொரு வருடம் பிள்ளை இல்லை. பிறகுதான் நிஹாராவை அல்லாஹ் தந்தான். 78இல் சூறாவளி வந்து கூரையைக் கொண்டுபோனது. விடியும்வரை ஈரத்தில் கிடந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பின் காதிலிருந்து சீழ் வந்தது. வரும், நிற்கும், மறுபடி வரும். காய்ச்சின எண்ணெய் விட்டோம்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமே" என்று மனைவி சொன்னாள்.

"நான் வளந்தது ஆஸ்பத்திரியிலயா?" என்றேன்.

வீட்டை மறுபடி கட்டி முடிக்க நாளாகும் என்பதைச் சாட்டாக வைத்து அவளையும் பிள்ளையையும் கடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். கல்முனை எனக்குப் பழகின ஊர். அவளுக்கு அது கொழும்பைப் போல. சுற்றிலும் கடை, கந்தோர், பஸ் சத்தம். உம்மா இல்லை, கூடப்பிறந்த ராத்தா இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் "எந்த ஊர், எந்தக் குடி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். வந்து குடியேறிய ஆட்களுக்கு அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்பது குடியேறினவர்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளை மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். உம்மா, வாப்பா, தா. கண்ணூறு என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன், கழுத்தில் இசிம் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நல்ல இடத்தில் சேர்த்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று முடிவெடுத்தேன்.

அந்த நேரம் டவுனில் ஒரு நேசரி இருந்தது. டாக்டர்மார், சட்டத்தரணிமாருடைய பிள்ளைகள் போகும் இடம். சப்பாத்து, டை, இங்கிலீசுப் பாட்டு. என் பிள்ளை அங்கேதான் போக வேண்டும். இன்னொன்றும் இருந்தது. சந்தைக்குப் பின்னால் பட்டின சபையின் பாலர் பாடசாலை. தகரக் கூரை, நிலத்தில் பாய், மீன் மணம். அதன் வாசலில் ஒருநாள் நின்று பார்த்தேன். கரைவலைக்காரர், மீன் வியாபாரிகளுடைய பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகளும் எங்கள் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பாயில். படிப்பிக்கிறது மங்களம் டீச்சர் என்ற தமிழ்ப் பெண். நான் உள்ளே காலே வைக்கவில்லை. நான் காற்றடித்துக் காற்றடித்து முன்னுக்கு வந்தது என் பிள்ளை பாயில் குந்தவா?

ஆனாலும் மார்க்கம் தெரிந்தவன் செய்வதைச் செய்ய வேண்டும் என்று இஸ்திகாரா தொழுதேன். இரண்டில் எது நல்லது என்று அல்லாஹ்விடமே கேட்டுத் தொழுகிற தொழுகை அது. துஆ எனக்குப் பாடமில்லை. பள்ளிவாசல் மௌலவிதான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார். கடைசியில் என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக் கேட்டார்: "காக்கா, ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வெச்சிக்கிட்டுத்தானே கேக்கிறீங்க? மனசுல ஒரு பக்கம் முடிவெடுத்திட்டுக் கேக்கப்படாது."

"ஓம் மௌலவி" என்றேன். பொய். அந்த நேரம் நேசரியின் நீலச் சட்டை தையல்காரனிடம் தைத்து முடிந்து மடித்து வைத்திருந்தது. அல்லாஹ்விடம் வழி கேட்கவில்லை நான். என் முடிவுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன்.

நேசரிக்குப் போன அன்று பிள்ளைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே பொறுப்பாக இருந்த அம்மா குனிந்து பெயர் கேட்டார். நிஹாரா அவருடைய சேலைக் கரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். பிள்ளை என் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்தாள். "வாய் பேசாத பிள்ளைகளை எடுக்கிறதில்ல முதலாளி. மற்றப் பிள்ளைகளும் கெட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள்.

அன்றோடு பள்ளிவாசலுக்குப் போவதை விட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூட கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தேன். கேட்டேன், தரவில்லை, இனிக் கேட்கமாட்டேன் என்று இருந்தேன். வீட்டில் யாரோடும் கதைக்கவில்லை. மூன்று பேர் இருந்த வீட்டில் மழைச் சத்தம் மட்டும்தான்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒருநாள் காலையில் ஒன்பது மணிபோல் வீட்டுக்குப் போனால் மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. பட்டின சபைப் பாலர் பாடசாலைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னிடம் கேட்காமல்! பறந்து போனேன். வாசலில் மீன்பெட்டி கட்டின சைக்கிளோடு இஸ்மாயில் நின்றான். கடைக்கு அடிக்கடி வருகிற மீன் வியாபாரி.

"என்ன முதலாளி, இந்தப் பக்கம் காத்து வீசுது?"

"வழியை விடு. என்ட புள்ள இரிக்கிற இடமா இது?"

"ஏன்? ஒங்கட கடைக்கு வாற சைக்கிள் முழுக்க எங்கட மீன்பெட்டிச் சைக்கிள்தானே. அந்த மணம் ஒங்களுக்குப் பிடிக்குது. எங்கட புள்ளகள்ர மணம்தான் பிடிக்கல்லயோ?"

பக்கத்தில் நின்ற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். உள்ளே போனேன். என் மனைவி ஓரத்தில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கல்முனைக்கு வந்தபின் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் அது போய்விட்டது.

"இஞ்ச உம்மாமாரும் இரிக்கலாம் எண்டாங்க" என்றாள் மெதுவாக. "எனக்கு அந்த வீட்டுல கதைக்க ஆரு இரிக்கிற?"

பிள்ளைகள் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பின்னால் நின்று இரண்டு தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினார். எல்லாப் பிள்ளைகளும் டக்கென்று திரும்பின. நிஹாரா திரும்பவில்லை. பக்கத்துப் பிள்ளை திரும்புவதைப் பார்த்தபின் திரும்பினாள். டீச்சர் மறுபடி தட்டினார். மறுபடியும் அப்படித்தான். பிறகு சிரட்டையை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"காக்கா, கோவிக்கப்படாது. மூணு நாளாப் பாக்கிறன். புள்ளைக்குக் காது கேக்குதா எண்டு ஆரிட்டயும் காட்டின நீங்களா?"

"என்ட புள்ளயச் செவிடு எண்டு சொல்லுறீங்களா?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்களே ஒருக்கா பின்னால நிண்டு கூப்பிட்டுப் பாருங்க. முன்னால நிண்டா அவ நம்மட வாயப் பாத்துப் புடிச்சிருவா. கெட்டிக்காரப் புள்ள."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் கடையில் ஏறினேன். ஒரு புதுச் சைக்கிள் மணியை எடுத்தேன். வீட்டுக்கு வந்து அவளை வாசலில் மழையைப் பார்க்க உட்காரவைத்தேன். பின்னால் நின்று மணியை அடித்தேன். திரும்பவில்லை. இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தேன். அவள் மழையில் விரலை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். வலது காதுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஓங்கி அடித்தபோது மட்டும் ஏதோ ஈ பறந்ததுபோல் தலையைக் கொஞ்சம் அசைத்தாள்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யாருடைய சைக்கிளிலும் ஒரு கம்பி தளர்ந்தால் எனக்குக் கேட்கும். என் வீட்டில் என் பிள்ளைக்கு இரண்டு வருடமாக ஒன்றுமே கேட்கவில்லை என்பது எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் கல்முனை ஆஸ்பத்திரி. அங்கிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். வயது போன ஒரு டாக்டர் நீண்ட நேரம் பார்த்தார். இடது காது முடிந்துவிட்டது என்றார். சீழ் எலும்பு வரை போய்விட்டது, உடனே வெட்ட வேண்டும், இன்னொரு மாரி போயிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார். வலது காதை மருந்து கொடுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு, "யார் இதைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். மனைவிதான் சொன்னாள்: "பாலர் பாடசாலை டீச்சர்."

பிள்ளையை உள்ளே கொண்டுபோனது பின்னேரம், அஸர் தொழுகை நேரம். ஆஸ்பத்திரி விறாந்தையின் ஓரத்தில் துவாயை விரித்தேன். பள்ளிவாசலை விட்டு இரண்டு கிழமைக்கு மேல் ஆகியிருந்தது. நெற்றி துவாயைத் தாண்டி நிலத்தில் பட ஸுஜூதில் போய்க் கிடந்தேன். அன்று என் மனதில் முடிவு ஒன்றும் இல்லை. அரபியும் வரவில்லை. என்னுடைய பாசையில்தான் கேட்டேன். "யா அல்லாஹ், எனக்கு ஒண்டும் தெரியா. நீ எந்த வழியத் தாறியோ தா. ஏலுமெண்டா ஒரு காதைத் தா." எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. ஒரு தாதி வந்து, "ஐயா, எழும்புங்க, ஆக்கள் நடக்கிற வழி" என்று சொன்னபோதுதான் எழும்பினேன். நெற்றியில் அந்த நிலத்து மண் இருந்தது. துடைக்கவில்லை.

பதினெட்டு நாள் இருந்தோம். தலையில் கட்டோடு பிள்ளை படுத்திருந்தாள். வலது காதில் மருந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். கூப்பிட்டுப் பார்க்க எனக்குப் பயம். திரும்பாவிட்டால்? அதனால் அவள் முகத்துக்கு முன்னால் போகாமல் நான் பேசவே இல்லை. பயத்தில் துஆக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறு வேலை எனக்கு இல்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நின்றோம். நான் பிள்ளையைத் தோளில் போட்டிருந்தேன். என் பின்னால் எங்கேயோ கடலை விற்கிற ஒருவன் "கச்சான்... கச்சான்..." என்று கத்திக்கொண்டு போனான். தோளில் கிடந்த தலை நிமிர்ந்தது. திரும்பியது. அவன் போன பக்கமே பார்த்தது. பிறகு அவள் வாய் அசைந்தது.

"ச்சான்" என்றாள்.

அந்தச் சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே கேட்டெடுத்த முதல் சொல் அது. மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சனத்துக்கு நடுவில் சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். கச்சான்காரன் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பான்.

சகோதரர்களே, என் இஸ்திகாராவுக்கு அல்லாஹ் முதல் நாளே பதில் சொல்லிவிட்டான். நேசரிக் கதவை அடைத்ததுதான் அந்தப் பதில். அங்கே சேர்த்திருந்தால் என் பிள்ளை டை கட்டிக்கொண்டு கடைசி வாங்கில் ஊமையாக இருந்திருப்பாள். மாரி திரும்ப வந்திருக்கும். நான் அதைப் பதில் என்று எடுக்காமல் கோபித்துக்கொண்டு கடைக்குள் இருந்தேன்.

நிஹாரா அந்தத் தகரக் கூரையின் கீழ் பாயில் இருந்துதான் பேசப் படித்தாள். டீச்சர் அவளை எப்போதும் தன் இடது கைப் பக்கத்தில், வலது காது தன்னைப் பார்க்க உட்காரவைப்பார். நான் வாசலில் போய் நின்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் ஆயுளில் ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தரம். "அத விடுங்க காக்கா, கூரை ஒழுகுது, அதப் பாருங்க" என்றார். பார்த்தேன். அந்தக் கூரையை என் கையாலேயே ஏறி மாற்றினேன். கல்முனையில் கூரை வேலை செய்கிற எந்தப் பாஸும் அவ்வளவு ஒழுங்காக ஒரு தகரம் அடித்திருக்கமாட்டான்.

பிறகு எங்கள் இரண்டு சமூகத்துக்கும் நடுவில் கெட்ட காலம் வந்தது உங்களுக்குத் தெரியும். ரோட்டில் டயர் எரிந்தது. பாலர் பாடசாலை பூட்டிக் கிடந்தது. பூட்டு எடுத்தபோது மங்களம் டீச்சர் இல்லை. குடும்பத்தோடு போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேடிப்போக வழியில்லாத நாட்கள் அவை. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னாலும் அவருடைய பெயரைச் சொல்லி, உயிரோடு வைத்திரு நாயனே என்று கேட்கிறேன். இதற்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போது நான் கோபிப்பதில்லை. காத்திருக்கிறேன்.

இடது காது போனது போனதுதான். இரண்டு வருடம் எண்ணெய் விட்ட கை இந்தக் கைதான். அது என் கழுத்தில் மௌத்துவரை கிடக்கும். ஆனாலும் கேட்டவனுக்கு ஒரு காதைத் தந்தவன் அவன். புது ஊரில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த வாசலுக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் அவனிடம் கேளுங்கள். கேட்கும்போது மனதை வெறுமையாக வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு கதவை அவன் அடைத்தால் கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள்.

நிஹாராவுக்கு இப்போது பதினொரு வயது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறது அவள்தான். இடையில் நிறுத்தி, "வாப்பா, வெளங்கல்ல, திரும்பச் சொல்லுங்க" என்கிறாள்.

வலது பக்கம் போய் உட்கார்ந்து திரும்பச் சொல்கிறேன்.